அம்மா பெயர் ஒட்டிய டப்பா

ஜனவரி 2, வியாழன்

இது அப்பாவின் நோட்டு. முதல் நாற்பத்தொரு பக்கங்களில் தேதி, குடித்த தண்ணீர், போன சிறுநீர், எடை என்று நான்கு கட்டங்கள் போட்டு நான்தான் எழுதியிருக்கிறேன். டயாலிசிஸ் வார்டில் அப்படி எழுதிவரச் சொன்னார்கள். கடைசிப் பக்கங்களில் மூன்றாவது கட்டம் முழுக்கப் பூஜ்யம். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் தேதி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு மற்ற கட்டங்களை நிரப்ப ஆள் இல்லை.

ஒன்றரை வருடமாக நோட்டு சும்மா கிடக்கிறது. மிச்சப் பக்கங்கள் வீணாக வேண்டாம் என்று இன்றிலிருந்து எழுதுகிறேன். கட்டம் போடப் போவதில்லை.

பழக்கத்தில் ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். தண்ணீர்: ஆறு சொம்பு.

ஜனவரி 4, சனி

நூற்றுப் பத்து பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி மடித்துக் கொடுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை.

பதினொன்றாம் வகுப்பில் வாரத்துக்கு மூன்று நாள் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா லீவு போட்டால் வீடு நடக்காது. அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு நாள் கேட் வரைக்கும் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வந்துவிட்டேன்.

அப்பாவின் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அரை லிட்டர் பாட்டில். என் நகப்பாலிஷால் கோடு கோடாகப் போட்டது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் குடிக்கலாம். மத்தியானத்துக்குள் கடைசிக் கோடு வந்துவிடும். பிறகு நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் நான் கொல்லைப்புறம் போய்க் குடிப்பேன். இப்போதும் அங்கே போய்த்தான் குடிக்கிறேன்.

தண்ணீர்: ஏழு.

ஜனவரி 7, செவ்வாய்

பியூலா சிஸ்டர் வந்தார். ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்காக எங்கள் மூன்று தெருக்களிலும் சர்க்கரை உள்ளவர்களைப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. விடிந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சின்ன டப்பாவில் பிடித்துவைத்தால் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வந்து ஐஸ் வைத்த நீலப்பெட்டியில் எடுத்துப்போவார். கோலிகுண்டு மாதிரி உருண்டையான முகம். நாகர்கோவில் பக்கம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கிட்னி ஒரு சல்லடை மாதிரி அக்கா. கால் வீங்கி மூஞ்சி வீங்கி நாம பாக்கும்போ சல்லடையே கிழிஞ்சு போயிருக்கும். முதல் ஓட்டை விழும்போவே இது சொல்லிரும்."

அந்த ஓட்டை வழியாக வருவது ஆல்புமின் என்கிற புரதமாம். அதற்கும் முன்னால் தலைகாட்டும் பொருள் வேறு ஏதாவது உண்டா என்று தேடுவதுதான் ஆராய்ச்சி. அப்பாவைப் பற்றி அம்மா சொன்னதும், ஐந்து வருடம் முன்னால் பார்த்திருந்தால் மாத்திரையிலேயே நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

இரண்டு முறை தவறினால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவர்கள் தரும் சர்க்கரை மாத்திரையும் நின்றுவிடும். அம்மா தலையாட்டினாள். சிஸ்டர் போனதும் டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"உங்கப்பனுக்கும் இப்படித்தான் ஒரு டப்பாவுல ஆரம்பிச்சுது. டப்பா குடுக்கற வரைக்கும் மனுசன் நல்லாத்தான இருந்தாரு."

ஜனவரி 9, வியாழன்

அம்மா கொடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள். சிஸ்டர் கேட்டபோது இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்தது பொங்கல் வாரம், அதற்கடுத்த வியாழன் வருகிறேன் என்றார்.

ஜனவரி 18, சனி

குளியலறை வாசலில் கட்டெறும்பு வரிசை. சுடுதண்ணீர் ஊற்றினேன். மழை வரும்போல.

தண்ணீர்: ஒன்பது.

ஜனவரி 23, வியாழன்

அம்மாவின் டப்பாவைக் கொடுத்தாகிவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

பாவாடை நாடாவை இன்னும் ஒரு முடிச்சு உள்ளே இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. பழைய பாவாடை, தளர்ந்துவிட்டது. எண்பது பனியன்தான் முடிந்தது. கத்தரி கைவிரலில் பட்ட காயம் பொங்கலுக்கு முன்னால் பட்டது, இன்னும் ஆறவில்லை. துணியில் ரத்தம் படாமல் வெட்டுவதால் நேரமாகிறது.

தண்ணீர்: பத்து.

பிப்ரவரி 6, வியாழன்

சிஸ்டர் இன்று அம்மா வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துச் சாயங்காலம் வந்தார். முப்பதுக்குள் இருக்க வேண்டிய ஆல்புமின் எண் 164 வந்திருக்கிறதாம். பயப்பட வேண்டாம், இது ஆரம்பம்தான், ஒரே முறை பார்த்து முடிவு செய்யக்கூடாது, ஒரு மாதம் கழித்து இன்னொரு டப்பா வேண்டும் என்றார்.

அம்மா நிமிர்ந்து, "நான் எங்கீங் சிஸ்டர்..." என்று ஆரம்பித்தாள். பிறகு நான் நிற்கும் கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாங். குடுத்தனுங்" என்றாள்.

அம்மாவுக்கு நினைவில்லை போலிருக்கிறது. எந்த நாள் கொடுத்தோம், கொடுக்கவில்லை என்று வேலைக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்திருக்க முடியுமா.

அம்மாவுக்கு 164.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அடிக்காமல் இங்கேயே எழுதுகிறேன்.

ஜனவரி 23 அன்று அம்மா டப்பாவைத் தொடாமல் வேனில் போய்விட்டாள். சிஸ்டர் கதவைத் தட்டி, "ரெடியா மக்ளே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் மாடிப்படி எல்லாம் ஏறி இறங்கி வேர்த்திருந்தார். தலையை ஆட்டிவிட்டேன். ஆம் என்று ஆட்டிவிட்டேன். பிறகு உள்ளே போனேன். நான் எழுந்து அதுவரை குளியலறைக்குப் போகவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

சின்னப் பெண்ணுடையது, நன்றாகத்தான் இருக்கும், அம்மாவின் மாத்திரை நிற்காது என்று நினைத்தேன்.

அம்மாவின் டப்பா என்று எழுதியதும் பொய் இல்லை. டப்பாவில் அம்மாவின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா சர்க்கரை டப்பாவை எங்கேயோ எடுத்துவைத்துவிட்டாள். வாரக்கடைசியில் வாங்கிவரும் தேங்காய் பன்னும் வரவில்லை. குழம்பில் உப்பு பாதிதான். அவளுக்குச் சொன்னதை அவள் கடைப்பிடிக்கிறாள், அவ்வளவுதான்.

சந்தைக்குப் போகலாம் என்று கூட்டிப்போனவள் பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கும் மிஷினில் என்னை ஏற்றினாள். 41. போன வருடம் 47 இருந்தேன். அம்மா சீட்டை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சந்தையில் எதுவும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டோம்.

பிப்ரவரி 24, திங்கள்

அப்பாவின் கட்டில் சத்தம் போடுகிறது. அதில் இப்போது யாரும் படுப்பதில்லை, பனியன் மூட்டைதான் இருக்கிறது. நான் மூட்டையில் கை வைத்து அழுத்தினால் அப்பா புரளும் சத்தம் வருகிறது. ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகு மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டேன்.

தண்ணீர்: பதினொன்று.

மார்ச் 6, வியாழன்

இன்று இரண்டாவது டப்பா. இந்த முறை அம்மாவே கொடுத்துவிட வேண்டும் என்று நேற்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். அம்மாவுடையது நன்றாக வந்தால் 164 தப்பு என்று ஆகிவிடும். யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும்.

அம்மா எனக்கு முன்னால் எழுந்து குளித்து முடித்திருந்தாள். டப்பா குளியலறை ஜன்னலில் மூடி போட்டு நின்றது. வேன் ஹாரன் அடித்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "டப்பா உள்ள இருக்குது கண்ணு, சிஸ்டர் வந்தா குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கையில் எடுத்தேன். காலி. துளி ஈரம் இல்லை.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறரைக்குச் சிஸ்டர் தட்டினார். கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

182. கூடவே தேடுகிற இன்னொரு பொருளும் இருக்கிறதாம். அதன் பெயர் எனக்கு எழுத வரவில்லை. டாக்டர் அம்மாவுக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். காலையில் ஒன்று. இது சல்லடைக்குப் பாரம் குறைக்கும், மூன்று நான்கு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். சின்ன ரோஸ் நிற மாத்திரை. அப்பாவுக்கும் முதலில் கொடுத்தது ரோஸ் நிறம்தான். ஆனால் அப்பாவுக்கு அது வந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

மார்ச் 24, திங்கள்

அம்மா இப்போது வேலைக்குப் போகும் முன் எனக்கு ராகிக் கூழ் காய்ச்சி மோர் ஊற்றி வைக்கிறாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்க்கிறாள். அவள் இப்படி நிற்பதால் வேன் ஹாரன் இரண்டு தடவை அடிக்கிறது.

மார்ச் 29, சனி

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. வெயில்.

ஏப்ரல் 3, வியாழன்

இருமல். சளி இல்லை. தொண்டையில் நூல் பிசிறு ஒட்டியது மாதிரி வறட்டு இருமல். பனியன் தூசு என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெட்டினேன்.

மத்தியானம் யாரோ பக்கத்து அறையில் இருமுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். இருமியது நான்தான். சத்தம் அப்பாவுடையது. ரோஸ் மாத்திரை ஆரம்பித்த மாதம் அப்பா இப்படித்தான் இருமினார், ஒன்று, சின்ன இடைவெளி, பிறகு இரண்டு சேர்த்து.

சாயங்காலம் அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் இருமியதும் கரண்டி கையிலிருந்து விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மாவுக்கு இன்று லீவு. சிஸ்டர் வந்து மாத்திரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"சில பேருக்கு வறட்டு இருமல் வரும் அக்கா. வந்தா சொல்லுங்க, டாக்டர் வேற மாத்தித் தருவாரு. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லியே?"

"எனக்கில்லீங்" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். நிற்கவில்லை. ஒன்று, பிறகு இரண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த வியாழன் ரத்தம் எடுக்க வருகிறேன், வேலைக்குப் போகாமல் இருங்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

ஏப்ரல் 11, வெள்ளி

தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அம்மா கூழைக் கிண்ணத்தில் ஊற்றினாள். இடுப்பில் இருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். தட்டில் வைத்து டம்ளர் அடியால் நசுக்கினாள். விரலால் வழித்துக் கூழில் போட்டுக் கலக்கினாள். தட்டில் மிஞ்சியதைக் கூட மோர் ஊற்றி அலசி ஊற்றினாள்.

எழுந்து உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கிண்ணத்தை மறைக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"காலி டப்பா வெச்சிட்டுப் போனியே, அன்னைக்கு. உனக்கு?"

"அந்தப் புள்ள நம்பர் சொல்லுச்சுல்ல, அப்பவே. நான்தான் டப்பாவையே தொடலியே."

இரண்டு மாதம் ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கிறோம். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

சிஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா என் தலையைக் கோதினாள்.

"உம்பேர்ல ஒரு சீட்டு எழுதிட்டா அது ஊரெல்லாம் போயிரும் சாமி. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா அதத்தான் மொதல்ல கேப்பான். அப்பன் சீக்கு புள்ளைக்கும் இருக்குதாம்பாங்க. எம்பேர்லயே கெடக்கட்டும். எனக்கென்ன, நான் வாழ்ந்து முடிச்சவ. மாத்திரைய நீ குடி, பேர நான் வெச்சுக்கறேன்."

வேன் ஹாரன் அடித்தது. கூழைக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். குடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மா கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி என் பின்கழுத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. அழுக்கு இல்லை, தேய்த்தால் போகவில்லை. அப்பாவுக்கும் இருந்தது. அம்மா பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எரிகிறது என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

தண்ணீர்: பன்னிரண்டு.

ஏப்ரல் 16, புதன்

நாளைக்கு ரத்தம் எடுப்பார்கள். அம்மா கையை நீட்டுவாள். டப்பாவில் யாருடையதையும் யாரும் நிரப்பலாம். ஊசி கைக்குள் போய்த்தான் எடுக்கும். அம்மா ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மாத்திரை ஒத்துக்கொள்கிறது, அதையே தொடரலாம் என்று டாக்டர் எழுதுவார். நான் கூழ் குடிப்பேன். என் ரத்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அம்மா பெயரில் நான் மெல்ல மெல்ல அப்பா ஆகிவிடுவேன்.

அப்பாவிடம் ஒரு தடவை ஆஸ்பத்திரி பஸ்ஸில் கேட்டேன், முதலிலேயே தெரியாதா என்று. கால் வீங்கும்வரை ஒன்றும் தெரியவில்லை என்றார். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள்.

கொல்லையில் நின்று தண்ணீர் குடிக்கும்போது பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. இன்னும் ஒரு சொம்பு மொண்டு குடித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சிஸ்டர் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து மேல்கையில் ரப்பரைக் கட்டினார். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஞ்சால் துடைத்தார். ஊசியின் மூடியைக் கழற்றினார்.

நான் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தேன். சொல்ல வேண்டியதைக் காலையில் இருந்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் என் கையை நீட்டினேன். அம்மாவின் கைக்குப் பக்கத்தில், அதே மேஜையில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்தேன்.

"என்ன மக்ளே?"

"அந்த டப்பா என்னோடதுங் சிஸ்டர். ரெண்டும்."

அம்மா, "அது என்னமோ ஒளறுதுங்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு இருமல் வந்துவிட்டது.

சிஸ்டர் ஊசியை மூடினார். அம்மாவின் ரப்பரை அவிழ்த்தார். இந்த நோட்டை அவரிடம் கொடுத்தேன். அப்பாவின் பக்கங்களை வேகமாகத் தள்ளினார். என் பக்கங்களில் ஒவ்வொரு நாளின் கடைசி வரியையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"இது யாரு குடிச்ச தண்ணி?"

"நான்தானுங்."

பையில் இருந்து சின்ன மிஷினை எடுத்து என் விரல் நுனியைக் குத்தினார். 338. மாத்திரையை நசுக்கிக் கொடுத்த கதையை அம்மா தலை குனிந்து சொன்னாள். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. யாருடைய மாத்திரையை யாருக்குக் கொடுத்தீர்கள், இவள் மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார். என் கையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உடனே டாக்டருக்குப் போன் செய்தார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "முடிஞ்சுதுங்களா சிஸ்டர்?"

"முடிஞ்சிருந்தா நான் ஏன் அக்கா இங்க இருக்கேன்? உங்க வீட்டுக்காரருக்குக் கிடைக்காத நேரம் இது. அதையும் கூழ்ல கரைச்சிராதீங்க."

ஏப்ரல் 18, வெள்ளி

நேற்றே அதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். அப்பாவின் வார்டு இரண்டாவது மாடி. நாங்கள் போனது தரைத்தளம். ஆனாலும் படிக்கட்டுப் பக்கம் போனால் அந்த மிஷின்களின் பீப் சத்தம் கேட்கிறது.

பதிவு ஜன்னலில் பெயர் கேட்டார்கள். பெஞ்சில் எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரைப் பார்த்துவிட்டாள். ஜன்னலில் இருந்த ஆள் மறுபடியும் யாருக்கு என்று கேட்டார்.

"எம் பொண்ணுக்குங். மோகனப்பிரியா. அப்பா பேரு குழந்தைவேல், கு. போட்டுக்கங்" என்றாள் அம்மா. பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஏப்ரல் 23, புதன்

நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் சர்க்கரை. எவ்வளவு நாளாக என்று சொல்ல முடியாதாம். ரத்தத்தில் கிட்னி எண் இன்னும் சரியாக இருக்கிறது. சர்க்கரை இறங்கிய பிறகு டப்பாவை மறுபடி பார்த்துத்தான் சொல்ல முடியும், 182 குறையலாம், நிற்கலாம் என்றார் டாக்டர். போகும் என்று சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். வயிற்றில். நானே போட்டேன்.

இருமல் குறைந்திருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. காது இன்னும் இரண்டாவது இருமலை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

குளியலறை ஜன்னலில் இன்று இரண்டு டப்பாக்கள். ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் அம்மாவின் பெயர், சாந்தாமணி. நான் எழுவதற்கு முன்னாலேயே அம்மாவுடையது நிரம்பியிருந்தது. மூடியை அழுத்தி மூடி, மேலே ஒரு துணியும் சுற்றியிருந்தாள். கையில் எடுத்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.

சிஸ்டர் இரண்டையும் நீலப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

கட்டம் போடப் போவதில்லை என்று முதல் நாள் எழுதினேன். டாக்டர் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். ஸ்கேல் வைத்துப் போட்டேன். நான்கு கட்டங்கள், அப்பாவுக்குப் போட்ட அதே அளவில்.

கு. மோகனப்பிரியா. வயது 17. எடை: 40.

தண்ணீர்: எட்டு சொம்பு. எட்டும் அப்பாவின் பாட்டில் இருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்று குடித்தது.